தோரியமும் தண்ணீர் லாரியும்

தோரியம் பற்றித் தமிழில் வந்திருக்கிற கட்டுரைகள், காணொளிகள், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நீளமான பதிவுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சில மாதங்களாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். சிலர் பொறியாளர்கள், சிலர் ஆசிரியர்கள், பலர் யாரென்றே தெரியாது. ஆனால் நடுவில் வருகிற ஒரு பத்தி மட்டும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. அதன் சாரம் இது: யுரேனியம் ஆபத்தானது, தோரியம் தானாகப் பிளக்காது, நியூட்ரான் கொடுத்தால்தான் வேலை செய்யும், கொடுப்பதை நிறுத்தினால் நின்றுவிடும், ஆகவே தோரிய உலையில் விபத்துக்கே இடமில்லை. அதற்குப் பிறகு மணவாளக்குறிச்சி மணல், ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டம், வெளிநாட்டுச் சதி, கடைசியில் வல்லரசு.

சதியையும் வல்லரசையும் விட்டுவிடுகிறேன். இந்தக் குறிப்பு அந்த நடுப் பத்தியைப் பற்றியது மட்டும்தான்.

முதல் பாதி சரி. தோரியம்-232 மெதுவான நியூட்ரானை வாங்கிக்கொண்டு பிளப்பதில்லை. அது தோரியம்-233 ஆகிறது. அதன் அரை ஆயுள் 22 நிமிடம். அப்புறம் புரோட்டாக்டினியம்-233, அரை ஆயுள் 27 நாள். அப்புறம் யுரேனியம்-233. உலையில் பிளந்து வெப்பம் தருவது முக்கியமாக இந்தக் கடைசி ஆள்தான். தோரியத்தை நெல் என்று வைத்துக்கொண்டால் யுரேனியம்-233 அரிசி. அடுப்பில் வேகிறது அரிசி. "யுரேனியம் வேண்டாம், தோரியம் போதும்" என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பத்தியின் இரண்டாவது பாதியில்தான் இடிக்கிறது. நிறுத்தினால் நின்றுவிடும்ங்கிறது தோரியத்துக்கு மட்டும் உள்ள பெருமை இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற எந்த யுரேனிய உலையையும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளே செலுத்திச் சில வினாடிகளில் நிறுத்தலாம். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. சுனாமி வந்தது அதற்குச் சுமார் 50 நிமிடம் கழித்து. உருகியவை நின்றுபோன உலைகள். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டிலும் இதே கதைதான்; உலை நின்று, குளிர்விக்கும் நீர் ஒரு வால்வு வழியாக வெளியேறிக்கொண்டே இருந்ததால் உள்ளே பாதி உருகியது. செர்னோபில் மட்டும் வேறு ரகம். அங்கே தொடர்வினையே கைமீறி ஓடியது.

நின்ற உலை ஏன் உருகுகிறது? பிளவில் உண்டாகும் துண்டுகள், அதாவது சீசியம், அயோடின், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றின் கதிரியக்க வடிவங்கள், நிலையில்லாதவை. தொடர்வினை நின்ற பிறகும் அவை சிதைந்துகொண்டே இருக்கும், சிதையும்போது வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தோசைக்கல்லுக்கு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம்: அடுப்பை அணைத்த பிறகும் கல் சூடாக இருக்குமே, அது மாதிரி என்று. அந்த உவமை தவறான படத்தைக் கொடுக்கிறது. தோசைக்கல் வாங்கி வைத்த சூட்டைத்தான் விடுகிறது. இங்கே புதுசாக வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. உமி மூட்டம் ஓரளவு பொருந்தும். மேலே தீ தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆனால் உமியில் தண்ணீரைக் கொட்டினால் அணைந்துவிடும். அணுக்கருச் சிதைவைத் தண்ணீரோ குளிரோ ரசாயனமோ எதுவும் நிறுத்தாது. அதுபாட்டுக்கு நடக்கும்.

எண்களைப் பார்த்துவிடலாம். கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்கு 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் இந்தச் சிதைவு வெப்பம் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம், அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம்: 15 மெகாவாட். ஒரு வாரம் கழித்தும் 8 மெகாவாட் வாக்கில் இருக்கும்.

15 மெகாவாட் என்றால் என்னவென்று மனதில் பதியாது. சென்னையில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை முழுக்க நீராவியாக்கித்தான் இந்த வெப்பத்தை வெளியேற்றுகிறோம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் 21,000 லிட்டர் வேண்டும். கிட்டத்தட்ட மணிக்கு இரண்டு லாரி, உலை நின்று ஒரு நாள் ஆன பிறகு. முதல் மணி நேரத்தின் முடிவில் மணிக்கு ஐந்து லாரி என்ற வேகம். ஒரு வாரம் ஆகியும் மணிக்கு ஒரு லாரி. மின்சாரம் இல்லாமல், சாலை அறுந்து, ஊரே தண்ணீரில் இருக்கும்போது இந்த லாரிகள் எங்கிருந்து வரும்? அணு உலைப் பாதுகாப்பின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான்.

இப்போது யுரேனியம்-233க்கு வருவோம். அது பிளந்தாலும் ஒரு பிளவுக்குச் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான். கிடைக்கும் துண்டுகளும் ஏறத்தாழ அதே குடும்பம். ஆக, முதல் சில வாரங்களின் லாரிக் கணக்கு பெரிதாக மாறாது. எரிபொருளின் பெயரை மாற்றியதால் ஃபுகுஷிமாவின் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனால், ஒரு விஷயத்தில் யுரேனியம்-233 கொஞ்சம் மோசம்கூட. பிளவில் வரும் நியூட்ரான்களில் ஒரு சிறு பங்கு தாமதமாக வரும். சில வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை கழித்து. இந்தத் தாமதம் இல்லையென்றால் எந்த மனிதனாலும், எந்த இயந்திரத்தாலும் உலையை ஓட்ட முடியாது. எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். யுரேனியம்-235இல் ஆயிரம் நியூட்ரானுக்கு ஆறு, ஏழு இப்படித் தாமதமாக வரும். யுரேனியம்-233இல் இரண்டு, மூன்றுதான். ஓட்டுகிறவருக்கு இருக்கும் இடைவெளி பாதிக்கும் கீழே போகிறது. கூடவே அந்த 27 நாள் புரோட்டாக்டினியம் வேறு. உலையை நிறுத்தி வைத்த பிறகும் அது மெல்ல மெல்ல யுரேனியம்-233ஆக மாறி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைக்கும் தண்டுகளுக்கு அதையும் சமாளிக்கும் தெம்பு இருக்க வேண்டும். இரண்டையும் வடிவமைப்பில் சமாளிக்கலாம். ஆனால் "விபத்துக்கே இடமில்லை" என்று எழுதுகிறவர் இவற்றை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் படித்தவற்றில் ஒன்றில்கூட இல்லை.

தோரியத்துக்கு நல்ல குணங்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. தோரியம் டைஆக்சைடு சுமார் 3,300 டிகிரியில்தான் உருகும். யுரேனியம் டைஆக்சைடைவிட ஐந்நூறு டிகிரி போல அதிகம். வெப்பத்தைக் கொஞ்சம் நன்றாகக் கடத்தும். மேற்கொண்டு ஆக்சிஜனேற்றம் அடையாது. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டில் அவ்வளவு சூட்டிலும் வெண்மையாக நின்று எரிந்ததற்கு இந்த ஆக்சைடுதான் காரணம். (தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதைச் செந்திலின் கை நமக்குக் காட்டிவிட்டது.) நீண்ட காலம் நிற்கும் புளூட்டோனியம், அமெரிசியம் வகைக் கழிவும் குறைவாகவே உண்டாகும். இவையெல்லாம் உண்மையான லாபங்கள். ஆனால் இந்தப் பட்டியலில் லாரியைப் பற்றி ஒன்றுமில்லை, கவனித்தீர்களா.

சாட்சிக்கு எல்லோரும் அழைப்பது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஆல்வின் வைன்பெர்க் தலைமையில் நடந்த உருகிய உப்பு உலைச் சோதனையை. 1965 முதல் 1969 வரை ஓடியது, சுமார் 8 மெகாவாட் வெப்பம். "தோரிய உலை அன்றே வெற்றி பெற்றது, அணுகுண்டு செய்ய உதவாது என்று மூடிவிட்டார்கள்" என்பது வழக்கமான வரி. அந்த உலையின் உப்பில் தோரியம் இருந்ததே இல்லை. முதலில் யுரேனியம்-235, 1968இலிருந்து யுரேனியம்-233. அந்த யுரேனியம்-233 வேறிடத்தில் தோரியத்திலிருந்து செய்தது என்பது சரிதான். குண்டுக்கு உதவாது என்பதும் முழு உண்மை இல்லை. 1955இலேயே அமெரிக்கா யுரேனியம்-233 கலந்த ஒரு குண்டை நெவாடாவில் வெடித்துப் பார்த்திருக்கிறது.

அந்த உலையின் உண்மையான அழகு வேறு இடத்தில் இருந்தது. எரிபொருளே திரவ உப்பு. அடியில் ஒரு குழாய், அதில் காற்றடித்துக் குளிர்வித்து உறைய வைத்த ஓர் உப்பு அடைப்பு. மின்சாரம் போனால் காற்று நிற்கும், அடைப்பு உருகும், எரிபொருள் முழுக்கப் புவியீர்ப்பிலேயே கீழே உள்ள தொட்டிகளுக்கு வடிந்துவிடும். வடிந்த இடத்தில் தொடர்வினை நடக்காது, வெப்பத்தை வெளியேற்றவும் வசதி உண்டு. யாரும் பொத்தான் அழுத்த வேண்டாம். இது நிஜமான பாதுகாப்பு. இதைத் தந்தது அடைப்பும் தொட்டியும் புவியீர்ப்பும்.

கதை அங்கே முடியவில்லை என்பது அதைவிட முக்கியம். உலையை மூடி, உப்பைத் தொட்டிகளில் உறைய விட்டுவிட்டுப் போனார்கள். உறைந்த உப்பில் கதிர்வீச்சு வேலை செய்துகொண்டே இருந்தது. ஃபுளூரைடைப் பிய்த்து ஃபுளூரின் வாயுவை உண்டாக்கியது. ஃபுளூரின் யுரேனியத்தோடு சேர்ந்து வாயுவாக மாறி குழாய் வழியே நகர்ந்தது. 1994இல் பார்த்தால், உப்பில் இருக்க வேண்டிய யுரேனியத்தில் சில கிலோ வேறொரு இடத்தில், வாயுவை வடிகட்டும் கரிப் படுக்கையில் போய் உட்கார்ந்திருந்தது. கால் நூற்றாண்டாகத் தொட்டியில் கிடந்த ஒரு பொருள் இடம் மாறியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பிடித்தன. வைன்பெர்க் பெயரைச் சொல்லும் பத்திகளில் இந்த 1994 வருவதே இல்லை.

உண்மையிலேயே தோரியத்தைப் போட்டு மின்சாரம் எடுத்த உலைகளில் ஒன்று ஜெர்மனியில் ஹாம் நகருக்குப் பக்கத்தில் இருந்தது. 300 மெகாவாட், பந்து வடிவ எரிபொருள். 1986 மே மாதம் ஒரு பந்து குழாயில் சிக்கி, அதை எடுக்கப் போய்க் கொஞ்சம் கதிரியக்கத் தூசி வெளியேறியது. 1989இல் மூடிவிட்டார்கள். பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் தோரியம் அதைத் தடுக்கவும் இல்லை.

சரி, அப்போ அணுக்கரு இயற்பியலால் பாதுகாப்பான உலை செய்யவே முடியாதா? முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன், இரண்டிலும் எரிபொருள் யுரேனியம்.

முதலாவது, அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த இபிஆர்-2 என்ற சோடியம் உலை. 1986 ஏப்ரல் 3. முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கும்போது, தானாக நிறுத்தும் அமைப்பை வேண்டுமென்றே முடக்கிவிட்டு, குளிர்விக்கும் சோடியத்தின் பம்புகளை நிறுத்தினார்கள். சோடியம் சூடானது, சூட்டில் உள்ளமைப்பு விரிந்தது, விரிந்ததால் நியூட்ரான்கள் அதிகமாக வெளியே தப்பின, தொடர்வினை தானே அடங்கியது. அன்று பிற்பகலே வெப்பம் வெளியேறும் வழியை அடைத்து இன்னொரு சோதனை. மறுபடியும் உலை தானே அடங்கியது. எரிபொருளுக்குச் சேதமில்லை. செர்னோபில் வெடித்தது அதே மாதம் 26ஆம் தேதி. எந்தச் செய்தியை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, சீனாவின் ஷான்டொங் மாகாணத்தில் ஷிடாவ் விரிகுடாவில் உள்ள பந்துப் படுக்கை உலை. 6 சென்டிமீட்டர் கிராஃபைட் பந்துகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பீங்கான் உறை போட்ட ஆயிரக்கணக்கான எரிபொருள் மணிகள். உறை சுமார் 1,600 டிகிரி வரை தாங்கும். 2023இல் இரண்டு அலகுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். அவசரக் குளிர்விப்பு எதுவும் இல்லாமல் வெப்பம் தானாகவே சுவர் வழியே வெளியேறியது. லாரியே தேவைப்படவில்லை.

இந்த இரண்டிலும் விலை உண்டு, அதையும் எழுத வேண்டும். ஷிடாவ் உலை ஒரு கன மீட்டர் உள்ளகத்தில் எடுக்கும் வெப்பம் 3 மெகாவாட் சொச்சம். கூடங்குளம் வகை உலை 100 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கும். அதே வெப்பத்துக்கு முப்பது மடங்குக்கு மேல் பெரிய உள்ளகம் கட்ட வேண்டும். வெப்பம் தானே வெளியேறுவதற்குக் காரணமே இந்த நெருக்கமின்மைதான். நெருக்கினால் பாதுகாப்பு போய்விடும். பந்துகளுக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஜெர்மனியின் யூலிஷில் இருந்த முன்னோடி உலையில் 1986இல் உருகு கம்பி வைத்த பந்துகளைப் போட்டுப் பார்த்தபோது, சில இடங்களில் கணக்கிட்டதைவிட வெப்பம் மிக அதிகம் என்று தெரிய வந்தது. கணக்கும் உலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

நம் ஊர் தோரிய வடிவமைப்பு ஒன்றும் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மேம்பட்ட கனநீர் உலை, 300 மெகாவாட். இதுவரை கட்டப்படவில்லை. அந்த வரைபடத்தில் எனக்குப் பிடித்தது தோரியம் இல்லை. உலைக்கு மேலே கூரையடியில் இருக்கும் 8,000 கன மீட்டர் தண்ணீர்த் தொட்டி. நம் கணக்கில் 660 லாரிக்கு மேல், முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் தண்ணீர் தானே இறங்கும். வடிவமைத்தவர்களுக்குக் கேள்வி எதுவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர்களைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள்தான் தொட்டியை விட்டுவிட்டுத் தோரியத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், 2011, 2012இல் இடிந்தகரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மீனவக் குடும்பங்கள் கேட்டது இந்த லாரிக் கேள்வியைத்தான், வேறு வார்த்தையில். ஃபுகுஷிமா மாதிரி கடல் வந்தால் என்ன செய்வீர்கள்? அப்துல் கலாம் அவர்கள் 2011 நவம்பரில் வந்து பார்த்துவிட்டுப் பாதுகாப்பானது என்று சொன்னார். கூடங்குளத்தில் சொல்வதற்கு உண்மையிலேயே பதில் இருந்தது. மின்சாரம் இல்லாமலேயே நீராவியை வெளிக்காற்றில் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் அமைப்பு அங்கே உண்டு. உருகினால் பிடித்து வைக்கும் பாத்திரமும் அடியில் உண்டு. 2004 சுனாமியின்போது கல்பாக்கத்தில் பம்பு அறைக்குள் கடல்நீர் புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டதும்கூடச் சொல்லியிருக்கலாம். எவ்வளவு மெகாவாட், எத்தனை நாள், எது கெட்டால் எது கைகொடுக்கும் என்று தமிழில் எண்ணோடு உட்கார்ந்து சொல்லியிருந்தால், மக்கள் ஏற்றிருப்பார்களோ இல்லையோ, எதை ஏற்கிறோம் எதை மறுக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும். நான் படித்த அன்றைய துண்டறிக்கைகளில், இரண்டு பக்கத்திலும், அந்த எண்கள் இல்லை. ஒரு பெரியவரின் பெயரும் ஒரு சொல்லும்தான் இருந்தன. இன்று "தோரியம்" என்ற சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையைப் பற்றியும் இப்போது இதே நடையில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் உள்ளகத்தை நிரப்பும் வேலை தொடங்கியதிலிருந்து, ஐடஹோ சோதனையைக் காட்டி "சோடியம் உலை தானே நின்றுவிடும்" என்கிற வரி கண்ணில் படுகிறது. ஐடஹோவில் இருந்தது உலோக எரிபொருள். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் எரிபொருளின் நடுப்பகுதி சுற்றியுள்ள சோடியத்தைவிட அதிகம் சூடாக இருக்காது. கல்பாக்கத்தில் ஆக்சைடு. வெப்பத்தை மோசமாகக் கடத்தும், நடுப்பகுதி மிக அதிகச் சூட்டில் இருக்கும். திறன் குறையும்போது அந்தச் சூடு இறங்கும். இறங்கினால் யுரேனியம்-238 விழுங்கும் நியூட்ரான் குறைந்து தொடர்வினை மறுபடி தலைதூக்கப் பார்க்கும். ஐடஹோ உலை சின்னது, சோடியம் விரிந்தால் நியூட்ரான் வெளியே தப்பும். பெரிய உள்ளகத்தின் நடுவில் சோடியம் குறைந்தால் திறன் கூடும் பக்கம்தான் போகும். ஆகவே அந்த 1986 முடிவை அப்படியே இங்கே கடன் வாங்க முடியாது. இது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதனால்தான் ஒன்றையொன்று நம்பாத இரண்டு நிறுத்தும் அமைப்புகளை வைத்திருக்கிறார்கள்.

சிதைவு வெப்பத்துக்கு அங்கே என்ன வழி? உலையின் வெப்பம் 1,250 மெகாவாட், ஒரு நாள் கழித்துச் சுமார் 6. லாரிக் கணக்கில் மணிக்கு ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் சோடியத்தின் மேல் தண்ணீரைக் கொட்ட முடியாது. அதனால் நான்கு தனித்தனி சோடியச் சுற்றுகள் வெப்பத்தை மேலே எடுத்துப் போய்க் காற்றுக்குக் கொடுக்கின்றன. சூடான சோடியம் தானே ஏறும், குளிர்ந்தது தானே இறங்கும், காற்றும் உயரமான குழாய் வழியே தானே இழுபடும். மே மாத மதியத்தில் 40 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு, நான்கில் ஒரு சுற்று கெட்டுப்போனால் எவ்வளவு வெப்பம் போகும் என்று கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அடுத்த குறிப்பில் போடுகிறேன்.